பீரோவில் நாற்பத்தொன்று

சாவிக்கொத்தில் சின்னச் சாவி இல்லை. லேத் அறையைத் திறக்கலாம் என்று கைப்பைக்குள் கையை விட்டபோதுதான் பார்த்தேன், வாசல் சாவி இருக்கிறது, பல் லேப் சாவி இருக்கிறது, மாதா படம் போட்ட வளையம் இருக்கிறது, பீரோ சாவி தொங்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. பையை மேசைமேல் கவிழ்த்துக் கொட்டினேன். சீப்பு, பஸ் டிக்கெட்டு, தைலப் புட்டி, காலையில் அவர் காகிதத்தில் மடித்துக் கொடுத்த கொய்யாப்பழம். இல்லை. அது வீட்டில் இருக்கிறது, பீரோவிலேயே, பூட்டில் செருகியபடி. காலையில் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அதைக் கொத்திலிருந்து கழற்றித் திறந்து நாற்பத்தொன்றாவதை உள்ளே வைத்தேன், வைத்தவள் உடனே மூடியிருக்கலாம், எங்கே, கண் எடுக்க முடியவில்லை, நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது, கதவைத் தள்ளிவிட்டு சமையலறைக்கு ஓடினேன், தோசை தீய்ந்துவிட்டது, தீய்ந்த தோசைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கிளம்பி வந்துவிட்டேன். பிலோமினா, நாற்பத்தெட்டு வயசில் உனக்குத் தோசை பெரிதாகப் போய்விட்டதா. மணி இரண்டு பத்து. ஓடிப்போய்ப் பூட்டிவிட்டு வரலாம், தில்லைநகர் லேபிலிருந்து பாலக்கரை வீடு என்ன அமெரிக்காவா, ஆனால் அடுப்பில் சமையல் மாஸ்டர் தண்டபாணியின் பல் செட்டு வெந்துகொண்டிருக்கிறது. பித்தளைப் பெட்டிக்குள், மேலும் கீழும், முழு செட்டு. அக்ரிலிக் சோறு மாதிரி இல்லை, தீயைக் கூட்டினால் சீக்கிரம் வேகாது, குமிழி விட்டு ஈறு முழுக்கப் பொட்டுப் பொட்டாகத் துளை விழும். ஒன்றரை மணி நேரம் தண்ணீர் கொதிக்காமல் சூடாகவே இருக்க வேண்டும், அப்புறம் அரைமணி கொதிக்க வேண்டும், பக்கத்தில் ஆள் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். லேப் முதலாளி ஜாபர் அண்ணன் தஞ்சாவூர் போயிருக்கிறார். நான் ஒருத்திதான். நாளைக்கு மாஸ்டரின் மகளுக்குக் கல்யாணம். "முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டேன் தாயி, என் பொண்ணு பந்தியில நானும் ஒரு வாய் கடிச்சுத் திங்கணும்" என்று பொக்கை வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், ஆறு மணிக்கு வருவார். அந்த வாயை நினைத்தால் நகர முடியவில்லை. அந்தப் பீரோவை நினைத்தால் நிற்க முடியவில்லை.

அது அம்மாவின் மருந்து பீரோ. பூட்டினால்தான் மூடும். பூட்டாமல் சாத்தினால் சாத்தின மாதிரி கொஞ்ச நேரம் நல்ல பிள்ளையாக நிற்கும், பிறகு ஆளில்லாத நேரம் பார்த்து மெல்ல வாயைத் திறக்கும். அவர் வீட்டில் இருக்கிறார். சவரிராஜ், என் வீட்டுக்காரர், ஈஸ்டர் கழிந்த வாரம் கல்யாணம், இன்னும் மூன்றரை மாதம்தான் ஆகிறது, பள்ளிக்கூடத்தில் தாவரவியல் வாத்தியார், இன்று சனிக்கிழமை விடுமுறை. "இன்னைக்கு நான் ஒட்டடை அடிச்சிடறேங்க" என்றார் காலையில். ஒட்டடை அடிக்கிறவர் எல்லா அறைக்கும்தான் போவார். பின்னறைக்கும் போவார். அங்கே பீரோ வாயைத் திறந்துகொண்டு நிற்கும், உள்ளே மூன்று தட்டிலும் வெல்வெட் துணிமேல் வரிசையாக நாற்பத்தொரு ரிவால்வர். எல்லாம் தீபாவளிக்குக் கேப் வெடிக்கிற பொம்மை ரிவால்வர்தான், ஒரு கொசுவைக்கூடக் கொல்லாது, ஆனால் நாற்பத்தொன்று. நான் அவரிடம் சொல்லியிருந்தது என்ன? கல்யாணமான இரண்டாம் நாள், "அதுக்குள்ள அம்மாவோட சாமான் இருக்கு" என்றேன். பொய். மாதாவே, முழுப் பொய்கூட இல்லை, பீரோ அம்மாவுடையதுதானே. அவர் தலையை ஆட்டினார், மூன்றரை மாதமாக அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் முதல் மனைவியின் ஜெபமாலையை அவர் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார், நான் அதைத் தொடுவதில்லை, அதுபோல என் அம்மாவின் சாமானை அவர் தொடமாட்டார் என்று நான் கணக்குப் போட்டேன். அது அவருடைய மரியாதை. அதைத்தான் பொம்மைத் துப்பாக்கிக்குக் காவல் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. வெப்பமானி எழுபத்திரண்டில் நிற்கிறது, சரி, நல்லது, அப்படியே நில்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மாதம். அம்மா பக்கவாதம் வந்து படுத்துவிட்டாள், நான் மாத்திரை வாங்கப் பெரிய கடைவீதிக்குப் போயிருந்தேன். பட்டாசுக் கடைக்காரர் யாருக்கோ ஒரு ரிவால்வரை இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் துப்பாக்கியைப் பார்க்கவில்லை, அந்த அசைவைத்தான் பார்த்தேன். விசையை இழுக்கிறார், பின்னால் சுத்தியல் எழுகிறது, அது எழும்போதே நடுவில் உருளை ஒரு பல் திரும்புகிறது, திரும்பி நின்ற அதே நொடி சுத்தியல் விழுகிறது. ஒரு விரல், மூன்று வேலை. இருபது வருஷமாகத் தாடைக் கீலோடு வேலை செய்கிறவள் நான், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எங்கே முட்டும் எங்கே வழுக்கும் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு, எனக்கு அந்த அசைவு யாரோ காதில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. "எனக்கு ஒண்ணு குடுங்க" என்றேன். "பையனுக்கா, பொண்ணுக்காம்மா?" என்றார். "எனக்கு" என்றேன், அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. பஸ்ஸில் பைக்குள் கையை விட்டு இழுத்துக்கொண்டே வந்தேன், கிளிக், கிளிக், பக்கத்து சீட்டு அம்மாள் இரண்டுமுறை திரும்பிப் பார்த்தாள். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் நான் இழுத்தால் அசைகிற பொருள் வேறு ஒன்றும் இல்லை. அம்மாவின் வலது கையைத் தினமும் எண்ணெய் போட்டு நீவிவிடுவேன், நீட்டுவேன், மடக்குவேன், விட்டால் விட்ட இடத்தில் கிடக்கும். அன்றைக்கு அவள் கட்டிலில் உட்கார்ந்து கேப் போடாமல் இழுத்துக் காட்டினேன். வாயில் பாதிதான் சிரிக்கும் அவளுக்கு, அந்தப் பாதி சிரித்தது. "டப்" என்றாள். வியாதி வந்து நாலு மாதத்தில் தெளிவாகச் சொன்ன முதல் வார்த்தை. டாக்டரிடம் சொன்னபோது அவர் எழுதிக்கொண்டார்.

அப்புறம் என்ன, பித்துப் பிடித்துக்கொண்டது. முதல் குறை பிடியில்தான் வந்தது, பிள்ளைகள் கைக்குச் செய்த பிடி என் கைக்குள் காணாமல் போயிற்று. அதைக் கழற்றி எறிந்துவிட்டு மெழுகை உருக்கி உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்தேன், மெழுகு என் கையைப் படித்துக்கொண்டது, அதை அச்செடுத்து, லேபில் வேலை முடிந்த பிறகு மிச்சமிருந்த அக்ரிலிக்கில் வார்த்தேன். மிச்சமிருந்தது ஈறு நிறம். ரோஸ் நிறத்தில், ரத்த நாளம் மாதிரி சிவப்பு நூல் ஓடுகிற அக்ரிலிக். முடிந்ததும் பார்த்தால் ரிவால்வருக்கு ஈறு முளைத்திருந்தது. அம்மாவும் நானும் எத்தனை நாள் சிரித்தோம். ஆனால் கையில் பிடித்தபோது, அடடா, அது பிடியே இல்லை, யாரோ என் கையைப் பிடித்துக் குலுக்கின மாதிரி. இரண்டாவது வாங்கினேன், மூன்றாவது வாங்கினேன். தீபாவளி முடிந்த மறுவாரம் கடைவீதியில் மிஞ்சிப்போனதை அள்ளினேன். சுருள் கேப் போடுகிறது, வளையக் கேப் போடுகிறது, குழல் மடிகிறது, உருளை பக்கவாட்டில் விரிகிறது, ஒவ்வொன்றும் உள்ளே ஒரு ஊர். கழற்றிப் போட்டால் ஒரு கம்பிச்சுருள், இரண்டு பல், ஒரு கொக்கி, இவ்வளவுதான், ஆனால் எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை. புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தரையில் விரித்திருந்த சாமான்களுக்கு நடுவில் ஒன்று கிடைத்தது, சுத்தியல் உடைந்திருந்தது, பல்லுக்குப் போடுகிற உலோகத்தில் புது சுத்தியல் வார்த்துப் போட்டேன், இப்போது அதுதான் சத்தமாக வெடிக்கும். காரைக்குடியில் பழைய சாமான் கடையில் கனத்த வார்ப்பிரும்பில் ஒன்று, கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "சினிமா கம்பெனிங்களா?" என்றார். ஆமாம் என்றேன். அன்றைக்கு முழுக்க ஒரு சினிமா கம்பெனியாக நடந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

பளபளப்புப் பூச்சைச் சுரண்டி எடுக்கக் கற்றுக்கொண்டேன், உள்ளே ஈயம் வார்த்துக் கனம் ஏற்றக் கற்றுக்கொண்டேன், கருப்பேற்றி எண்ணெய் துடைத்துத் துடைத்து மழைக்காலத்துக் காக்கைச் சிறகு நிறத்துக்குக் கொண்டுவரக் கற்றுக்கொண்டேன். குழல் வாயில் இருக்கும் ஆரஞ்சு மூக்கை மட்டும் வெட்டமாட்டேன், அதன்மேல் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு சின்னக் கருப்பு மூடி செய்து போடுவேன், வெளியே எடுத்துப் போனதும் இல்லை. ஒன்றுக்குத் திராட்சைக்கொடி செதுக்கினேன், பழம் ஒவ்வொன்றும் கடுகளவு. ஒன்றுக்கு ரோஸ்வுட் பிடி. பல்லுக்குப் போடுகிற வரிசை எண்களையே இவற்றுக்கும் போட்டேன், மேல் வலது ஒன்று, மேல் வலது இரண்டு என்று. முப்பத்திரண்டு வந்தபோது வாய் நிறைந்துவிட்டது, போதும் என்று நினைத்தேன், அடுத்த வாரமே முப்பத்துமூன்று முளைத்தது. அம்மா முப்பத்துநான்குவரை பார்த்தாள். அவள் போன பிறகு ஒரு வருஷம் ஒன்றும் வாங்கவில்லை, ஒருநாள் மழை, வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன், முதல் ரிவால்வரைக் கழற்றினேன், துடைத்தேன், மாட்டினேன், கிளிக் என்றது, அந்தச் சத்தத்தில் எனக்குப் பசித்தது. அப்படிப் பசித்து எத்தனையோ நாளாகியிருந்தது. எழுந்து போய் நாலு தோசை சுட்டுத் தின்றேன்.

இதை யாரிடம் சொல்வது? ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். நினைக்கவேண்டாம் என்று நினைத்தாலும் அங்கேதான் போய் முட்டுகிறது, துணி போய் ஆணியில் மாட்டுகிற மாதிரி. அண்ணி ஜெனோவா வந்திருந்தாள், பீரோவைத் திறந்து காட்டினேன், நானே ஆசையாகத்தான் காட்டினேன், திராட்சைக்கொடியைக் கையில் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "ஒரு புள்ளை குட்டின்னு இருந்திருந்தா இந்த வெளையாட்டெல்லாம் தேவைப்பட்டிருக்குமா, பாவம்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள், அதுதான் கொடுமை, திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். பாவம். அந்த ஒரு வார்த்தையில் முப்பத்தாறு ரிவால்வரும் பொம்மையாகிவிட்டன. அன்றிலிருந்துதான் பூட்டிச் சாவியைக் கையோடு வைத்துக்கொள்கிறேன். இப்போது அவர், சவரிராஜ், திறந்த பீரோ முன்னால் ஒட்டடைக் கம்போடு நின்று அதே முகத்தோடு அதே வார்த்தையை மனசுக்குள் சொல்லிக்கொண்டிருப்பாரோ? அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். சாயங்காலம் காப்பி போட்டுக் கொடுத்து ஒன்றும் நடக்காத மாதிரி இருப்பார். அதை என்னால் தாங்கமுடியாது. மணி மூன்று. வெப்பமானி எழுபத்துநான்கு. கொஞ்சம் தீயைக் குறைத்தேன்.

போன் பண்ணலாமா? பண்ணி என்ன சொல்வது, பின்னறைக்குப் போகாதீங்க என்றா? போகாதவரையும் அனுப்பி வைக்கிற பேச்சு அது. சாப்பிட்டீங்களா என்று கேட்கலாம். குரலிலேயே தெரிந்துவிடும், பார்த்துவிட்டாரா இல்லையா என்று. அவர் குரல் எனக்குத் தெரியும். குரலுக்கு முன்னால் பல்லைத் தெரியும். ஒன்றரை வருஷம் முன்பு பல் டாக்டர் அனுப்பிய வாய் அச்சு வந்தது, சீட்டில் 'சவரிராஜ், மேல் இடது, மூன்று பல் பாலம்' என்று எழுதியிருந்தது, பக்கத்துப் பற்களோடு சேர்த்து மாட்டுகிற கட்டுப்பல். தேய்மானமே இல்லாத பல், இரவில் பல்லைக் கடிக்காத மனுஷன் என்று நினைத்தேன், யார்மேலும் கோபம் இல்லாதவன் போல. நிறம் பார்க்க லேபுக்கே வந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து நிறச்சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பல்லோரம் வைத்துப் பார்த்தேன், அவர் அண்ணாந்து வாயைத் திறந்தபடியே ஜன்னலில் இருந்த என் துளசித் தொட்டியைக் கண்ணால் காட்டி ஏதோ சொன்னார். வாயை மூடியதும் கேட்டேன், என்ன சொன்னீங்க சார்? "தண்ணி ஜாஸ்திங்க, வேர் அழுகுது" என்றார். மறுவாரம் பாலம் மாட்டிக்கொண்டு போனவர் அடுத்த மாதம் துளசியைப் பார்க்க வந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார். துளசி எப்போதோ தேறிவிட்டது. இன்றைக்கும் எங்கள் இருவருக்கும் நீங்க-வாங்கதான், சில சமயம் வாய் தவறி சார் என்கிறேன், அவர் 'சொல்லுங்க மேடம்' என்பார். அந்த மனுஷன். போனை எடுத்துப் பண்ணிவிட்டேன். மணி அடிக்கிறது. அடிக்கிறது. அடிக்கிறது. எடுக்கவில்லை. அவர் எடுக்காமல் இருந்ததே இல்லை, மூன்றாவது மணிக்குள் எடுப்பார். மறுபடியும் பண்ணினேன். இந்தமுறை பாதியில் நின்றது. நின்றது என்றால் அவரே நிறுத்தியிருக்கிறார்.

சரி, பார்த்துவிட்டார். உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாற்பது, தீயைக் கூட்டவேண்டும், எழுந்து கூட்டினேன், தண்ணீர் ஓரத்தில் முணுமுணுத்தது. பயத்துக்கு நடுவில் ஒரு மானங்கெட்ட நினைப்பு வருகிறது பார், எதை முதலில் பார்த்திருப்பார்? மேல் தட்டின் நடுவில் நாற்பத்தொன்று இருக்கிறது, காலையில்தான் வைத்தேன், அதன்மேல் கண் விழுந்திருக்குமா? இரண்டு மாதமாக அவர் விடைத்தாள் திருத்துகிற நேரத்திலெல்லாம் இங்கே லேபில் இருந்து செய்தது அது. நீளக் குழல், முழுக் கருப்பு, வெளிச்சம் பட்டால் மட்டும் நீலம் ஓடும். உருளையைச் சுற்றிவிட்டால் காற்றாடி மாதிரி சத்தமில்லாமல் ஓடி, தானாக நிற்கும். அதைச் சுற்றிவிட்டுப் பார்த்தபோது நேற்று இந்த ஸ்டூலில் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன். யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்பார்கள். சொல்லட்டும். ஐயோ, சொல்லட்டும் என்று எப்படிச் சுலபமாக வருகிறது. அவரும் சொன்னால்? அவர் சொன்னாலும் அந்த உருளை அப்படித்தானே சுற்றும். நான் செய்தது அது. பாவம் என்று யார் சொன்னாலும் ஒரு பல்கூடக் குறையாமல் சுற்றும். இதை நினைத்ததும் மூச்சு கொஞ்சம் இறங்கியது, கொய்யாப்பழத்தை எடுத்துக் கடித்தேன், இனிப்பு, வீட்டுத் தொட்டியில் அவர் வைத்த ஒட்டுக் கன்றில் காய்த்த முதல் பழம் என்பது கடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. மடித்துக் கொடுக்கும்போது சொன்னார். நான் பீரோ நினைப்பில் காதில் வாங்கவில்லை.

கண்ணாடிக் கதவை யாரோ தட்டினார்கள். அவர்தான். குடை இல்லை, வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது, காலில் குளியலறைச் செருப்பு. உள்ளே வந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"உள்ள வேற யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லீங்க. ஜாபர் அண்ணன் தஞ்சாவூர் போயிருக்கார். போன் பண்ணேனே."

"பாத்தேன். போன்ல பேசவேணாம்னுதான் கட் பண்ணேன். ஒட்டுக் கேப்பாங்க."

"யாரு?"

அவர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மேசைமேல் வைத்துப் பிரித்தார். பீரோ சாவி. "பூட்டிட்டேன். எதையும் தொடல. கதவைக்கூட கர்ச்சீப் வெச்சுத்தான் சாத்தினேன். கைரேகை படக்கூடாது பாருங்க." நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பாவம் என்கிற முகம் இல்லை அது. அந்த முகத்தை எனக்கு அடையாளமே தெரியவில்லை. உதடு வெளுத்திருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு எனக்கு நேராக உட்கார்ந்தார், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், என் கையில் கொய்யாப்பழம் இருந்தது, அதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"பிலோ, நான் எதுவும் கேக்கல. யாரு குடுத்து வெச்சது, எத்தனை நாளா இருக்கு, ஒண்ணுமே கேக்கல. யாராச்சும் மிரட்டி வெச்சிருந்தா சொல்லு. நீயா வெச்சிருந்தாலும் சொல்லு. பாதர்கிட்ட போவமா, வக்கீல்கிட்ட போவமான்னு பஸ்ஸுல யோசிச்சுட்டே வந்தேன். எதுவா இருந்தாலும் நான் உன்கூடத்தான் நிப்பேன். வேணும்னா நான் வெச்சதுன்னே சொல்லிடறேன். எனக்கென்ன. செடிங்களுக்குத் தண்ணி ஊத்த மட்டும் ஒரு ஆள் பாத்துக்கணும், நீ ஜாஸ்தியா ஊத்திடுவ."

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பானையில் தண்ணீர் கொதிக்கிறது, அவர் என்னை நீ என்கிறார். பிறகு புரிந்தது. நிஜம் என்று நினைத்துவிட்டார். நாற்பத்தொன்றையும். மாதாவே, என் கருப்புப் பூச்சை, என் ஈயத்தை, என் மூடிகளை, படித்த மனுஷன், மைக்ராஸ்கோப் வைத்து இலை நரம்பு பார்க்கிறவர், நிஜம் என்று நினைத்துவிட்டார். முதலில் வந்தது பெருமைதான், பொய் சொல்ல மாட்டேன், உச்சந்தலைவரை ஏறியது. அது இறங்கும்போதுதான் மற்றது மெல்ல வந்து சேர்ந்தது. நிஜம் என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். பீரோ நிறையத் துப்பாக்கி வைத்திருக்கிற பெண்ணிடம், போலீசுக்குப் போகாமல், தன் அண்ணன் வீட்டுக்கு ஓடாமல், குளியலறைச் செருப்போடு பஸ் ஏறி. செருப்பில் ஒன்று என்னுடையது.

"நீங்க எதைப் பாத்தீங்க?" என்றேன்.

"கருப்பா, நீளமா, நடுவுல ஒண்ணு. அதுக்குப் பக்கத்துல யானைத் தந்தத்துல பிடி போட்டது. தந்தம் தனி கேஸு பிலோ. அது வனத்துறை."

அவ்வளவுதான், என்னால் முடியவில்லை. சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது, வாயைப் பொத்தினேன், மூக்கு வழியாக வந்தது, கண்ணிலும் வந்தது. அவர் பயந்து எழுந்து தண்ணீர் கொடுத்தார். "தந்தம் இல்லீங்க" என்றேன், "உங்க பல்லு." அவர் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "உங்க மூணு பல்லு செஞ்சேன்ல, அதே நிறம். இந்த லேபுல கலந்ததுதான். அதெல்லாம் கேப் துப்பாக்கிங்க. தீபாவளித் துப்பாக்கி. நான் பிரிச்சு, கருப்பாக்கி, கனம் ஏத்தி, பிடி மாத்தி வெச்சிருக்கேன். ஏழு வருஷமா. அம்மாவோட சாமான்னு பொய் சொன்னேன்."

அவர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். "கேப்பா? புள்ளைங்க வெடிக்குமே, அந்தக் கேப்பா?"

புள்ளைங்க. அந்த வார்த்தை வந்து விழுந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இதோ வரப்போகிறது. ஜெனோவா நின்ற இடத்தில்தான் இவரும் வந்து நிற்கப்போகிறார், நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். சவரிராஜ் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார், மறுபடி மாட்டினார், பெரிய மூச்சு ஒன்று விட்டார், அப்புறம் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து கேட்டார்.

"நடுவுல அந்த உருளை இருக்குல்ல, அது சுத்துமா?"

சுத்தும் என்றேன். சுத்தும், சுத்தும் என்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. எப்படிச் சுத்தும் என்றார். காகிதத்தை எடுத்தேன், பென்சிலை எடுத்தேன், கொக்கியை வரைந்தேன், பல்லை வரைந்தேன், இங்கே இழுத்தால் இது எழும், எழும்போது இது இதைத் தள்ளும். அவர் குனிந்து பார்த்தார், ஒரு கேள்வி கேட்டார், நல்ல கேள்வி, கம்பிச்சுருள் களைத்துப்போனால் என்ன ஆகும் என்று, களைத்துப்போகும் என்றே சொன்னார், செடியைச் சொல்கிற மாதிரி. அடுப்பை அணைத்து, பெட்டி ஆறுகிறவரை வரைந்தோம். பெட்டியைத் திறந்து செட்டை வெளியே எடுத்தபோது அவர் தட்டைப் பிடித்துக்கொண்டார். ஒரு குமிழி இல்லை. ராவி, மெருகேற்றி முடிக்கவும் தண்டபாணி மாஸ்டர் வரவும் சரியாக இருந்தது. மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார், கீழே ஒரு இடம் உறுத்துகிறது என்றார், தேய்த்துக் கொடுத்தேன், மறுபடி மாட்டிக்கொண்டார். எங்கே கடிச்சுப் பாருங்க என்றேன். மேசைமேல் இருந்த பாதிக் கொய்யாவைக் கேட்காமல் எடுத்துக் கடித்தார். "அப்பனே முருகா" என்றார் வாய் நிறைய. "காலையில ஒம்பது மணிக்குப் பந்தி. ரெண்டு பேரும் வந்துடணும்." என் வீட்டுக்காரரின் முதல் கொய்யா ஒரு சமையல் மாஸ்டரின் வாயில் போனது, மாஸ்டர் விதையைத் துப்பாமல் முழுங்குகிறாரா என்று மட்டும் இவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் போகவில்லை. பின்னறை ஜன்னலைத் திறந்துவிட்டு, பீரோவை நானே திறந்தேன். சவரிராஜ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொன்றாக எடுத்து அவர் கையில் கொடுத்தேன், திராட்சைக்கொடியைப் பார்த்து, "இந்த இலையில அஞ்சு மடல் இருக்கணும், மூணுதான் போட்டிருக்க" என்றார், நான் அப்போதே குறித்துக்கொண்டேன். காரைக்குடி இரும்பைத் தூக்கிப் பார்த்து மூச்சு வாங்கினார். ஈறுப் பிடியைப் பார்த்து அம்மா சிரித்ததுக்கு மேல் சிரித்தார். கடைசியில் நாற்பத்தொன்றை எடுத்துக் கொடுத்தேன், உருளையைச் சுற்றிவிட்டார், அது ஓடி ஓடித் தானாக நிற்கிறவரை நாங்கள் இரண்டுபேரும் குனிந்து பார்த்தோம். அப்புறம் பீரோவுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டி கேப் எடுத்தேன், சிவப்பு வளையம், ஒரு வளையத்துக்கு எட்டுப் பொட்டு, உருளையைப் பக்கவாட்டில் விரித்து அதில் பொருத்திக் காட்டினேன். "நீங்க சுடுங்க" என்றேன். "ஐயோ, நானா" என்றார். கையை ஜன்னல் பக்கம் நீட்டினார், கண்ணை இறுக மூடினார், விசையை இழுத்தார்.

டப்.

ஒரு நூல் புகை எழுந்து அவர் மூக்கின்மேல் போனது. மாமரத்திலிருந்து காக்கைகள் கிளம்பின. அவர் ஒரு கண்ணைத் திறந்தார், பிறகு மற்றதைத் திறந்தார், கையில் இருப்பதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாடியில் குடியிருக்கிற ரோஸ்லின் டீச்சர் ஜன்னலைப் படாரென்று திறக்கிற சத்தம் கேட்டது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, அந்தம்மாவைப் படியில் பார்த்தால் இவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வணக்கமே சொல்வார்.

"யாரது கீழ? தீபாவளிக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு!"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். மூன்றரை மாதத்தில் இந்த வீட்டில் ஒருதடவைகூடக் குரல் உயர்த்தாத என் வீட்டுக்காரர், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, மேலே பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"இன்னும் ஏழு இருக்கு டீச்சர், காதைப் பொத்திக்குங்க!"